மஞ்சள்

இலந்தைக்குளம், ஐந்தாம் மாடி.
ஏசி சொட்டுகிற மூலையில்
வெள்ளைப் பலகையை நான்கு கோட்டால் அறுத்தேன்.
அடியறையில் உணரிகள்:
நாற்பத்தோரு கண்மாய்க்கு நாற்பத்தோரு கண்.
அதன் தலைமேல் கேட்வே. அதற்கும் மேலே
வருகிற செய்தியை வாங்கி
வேண்டியவரிடம் கைமாற்றிவிடும் புரோக்கர்.
"மாட்டுத்தாவணி மாதிரியா?" என்றார் ஜியாவுதீன்.
"கமிஷன் கிடையாது."
பிறகு கிடங்கு. உச்சியில்
அதிகாரிகள் பார்க்கப்போகிற நீலத் திரை.

சட்டம் ஒன்றுதான் வைத்தோம்.
ஒவ்வோர் அடுக்கும்
ஒட்டிய வீட்டோடு மட்டும் பேசும்,
மாடி தாண்டிக் கூவக் கூடாது.
கீழே இருப்பது பேட்டரியா சூரியத் தகடா
மேலே உள்ளதற்குத் தெரியவே கூடாது.
தெரியாமல் இருப்பதுதான் அழகு என்று
இருவரும் மனசார நம்பினோம்.

ஐப்பசியில் அழைப்பு வந்தது.
மேலூர்ப் பக்கம், பொட்டல்குளம் பஞ்சாயத்து
மோட்டார் போடும் பவுன்தாய்:
"மேடம், ஒங்க கம்ப்யூட்டர்ல
எங்க கம்மா நெறஞ்சு கெடக்காம்ல?
அதான் முறைத்தண்ணிய அடுத்த ஊருக்குத் திருப்பிட்டாகளாம்.
இங்கன உள்ளுக்குள்ள ஆடு மேயுது."

பதிவுகளைப் புரட்டினேன்.
திரை, கிடங்கு சொன்னதைக் காட்டியது.
கிடங்கு, வந்ததை வைத்துக்கொண்டது.
புரோக்கர் ஒரு செய்தியையும் தவறவிடவில்லை.
கேட்வே மழைக்காற்றிலும் மின்வெட்டிலும்
விழுந்து விழுந்து எழுந்திருந்தது.
இரண்டு மீட்டர் முப்பத்தொன்று.
மூன்று நாளாக,
கால் மணிக்கொரு தரம்,
இரண்டு மீட்டர் முப்பத்தொன்று.
இத்தனை ஒழுங்கான தண்ணீரைப் பார்த்து
சந்தேகப்பட யாருக்கும் வேலை கொடுக்கவில்லை நான்.

ஒத்தக்கடை தாண்டி ஸ்கூட்டரில்
யானைமலை கூடவே கொஞ்ச தூரம் வந்து நின்றுகொண்டது.
மடைக்கருகே கம்பம்.
ஏணியைப் பவுன்தாய் பிடித்துக்கொள்ள
ஏறிப் பார்த்தேன்.
உணரியின் வாயோரம்
விரல்கடை நீளத்துக்கு மண்.
குளவி கூடு கட்டியிருந்தது.

நாங்கள் ஒலி அனுப்பினோம்.
ஒலி மண்ணில் முட்டித் திரும்பியது.
திரும்ப எடுத்த நேரத்தை
தண்ணீர் என்று வாசித்தோம்.
இதில் பொய் சொன்னவர் யாருமில்லை.
குளவிக்கு ஒரு வீடு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.
அடுக்குக்கு அடுக்கு மரியாதையாக
அந்த மண்ணைக் கைமாற்றி
ஐந்தாம் மாடி வரை ஏற்றிவிட்டிருக்கிறோம்.

"ஆறாவதாக ஓர் அடுக்கு போடுவோம்,
சரிபார்க்க" என்றார் ஜியாவுதீன்.
வேண்டாம் என்றேன். அதுவும்
கீழிருந்து வருவதைத்தானே நம்பும்.
இரவெல்லாம் அழித்தழித்து
கடைசியில் ஒவ்வொரு அளவோடும்
ஒரு பைட் சேர்த்தனுப்ப முடிவானது:
இது எவ்வளவு நிச்சயம்?
எந்த அடுக்கும் அதைத் தின்னக் கூடாது,
அப்படியே உச்சிவரை சுமக்க வேண்டும்.

கூட்டை இடிக்கவில்லை.
அரையடி தள்ளி இன்னொரு கண் மாட்டினோம்.
இரண்டும் ஒத்துவராத நேரத்தில்
பவுன்தாயின் மிஸ்டு கால் தீர்மானிக்கும்.
பட்டியலில் புதிதாக ஏற்றினேன்:
கருவி எண் நாற்பத்திரண்டு.
மின்கலம் தேவையில்லை.
மாதம் இவ்வளவு என்று சம்பளம் மட்டும்
இன்னும் கோப்பில் நிற்கிறது.

செயல்விளக்கத்தன்று
திரையில் முப்பத்தொன்பது பச்சை, ஒரு சிவப்பு,
பொட்டல்குளம் மட்டும் மஞ்சள்.
"மஞ்சள்னா என்ன?" என்றார் அதிகாரி.
"எங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம் சார்."
ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.
"அப்படி ஒரு நிறம்
இதுல இல்லையே."